ஏழைவிட ஐந்து

ஹவல்லி, இப்னு கல்தூன் தெரு.
வெள்ளி மாலை, வெயில் இறங்கியும்
கடையின் கைப்பிடி சுட்டது.
கலிபுல்லா கதவைச் செருப்புக் காலால் தள்ளினான்.
உள்ளே ஏசி.
கம்பெனிகள் கழித்துக் கட்டிய மடிக்கணினிகள்
வாய் பிளந்து வரிசையாய்.

என் பட்ஜெட் ஐம்பது தினார்.
தமிழில்தான் சொன்னேன், கலிபுல்லா காதில்தான் சொன்னேன்.
"அம்பதா" என்றார் கடைக்காரர் நிஜார்.
சிரியாக்காரர். பதினாறு வருஷ வியாபாரத்தில்
தமிழில் எண்கள் மட்டும் படிந்திருக்கின்றன.

இரண்டை எடுத்து வைத்தார்.
ஒரே கறுப்பு, ஒரே கனம்.
இதில் ஐ-செவன், ஏழாம் தலைமுறை, நாற்பத்தொன்பது.
அதில் ஐ-ஃபைவ், எட்டாம் தலைமுறை, ஐம்பத்தைந்து.

ஏழைவிட ஐந்துக்கா விலை அதிகம் என்றேன்.
"ஏழைவிட யாருக்குத்தான் விலை கம்மி"
என்று சிரித்தான் கலிபுல்லா.
பிறகு சிரிக்காமல் சொன்னான்:
"பேருதான் ஏழு. உள்ளே கோர் ரெண்டே ரெண்டு.
இந்த அஞ்சுக்குள்ளே நாலு.
குடிக்கிற கரண்ட் ரெண்டுக்கும் ஒன்னு, பதினஞ்சு வாட்."
அவன் லிஃப்ட் மெக்கானிக்.
எத்தனை பேர் ஏறலாம் என்று
தகட்டில் எழுதியிருப்பதை
ஒருநாளும் நம்பியவனில்லை.

என் பென்டிரைவில் ஒரு கட்டடம் இருந்தது.
பதினெட்டு மாடி, அத்தனைக் குழாய்களோடு.
ஏழு அதைத் திறக்க நாற்பத்தொரு நொடி.
ஐந்து, நாற்பத்து மூன்று.
"பாத்தியா" என்றேன்.
ஆறு தினாரைப் பைக்குள் வைத்துக்கொண்டு
பேசும் குரல் அது, எனக்கே தெரிந்தது.

"ஒத்தை வேலைக்கு ரெண்டும் ஒன்னுதான்.
நீ என்னைக்கு ஒத்தை வேலை பாத்தே?"

பகலில் சால்மியா சைட்டில் அளக்கிறேன்.
இரவில், பார்த்தேயிராத ஒருவருக்கு வரைகிறேன்.
நடுவில் மெஸ் கணக்கு என் தலையில்.
பதில் சொல்லவில்லை.

அவனே எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினான்.
பதினெட்டு மாடியும் பிடிஎஃப் ஆகட்டும்,
அதோடு அறையிலிருக்கும் இன்னாசிக்கு வீடியோ கால்.
ஏழில் இன்னாசி பாதி வாயில் உறைந்தான்,
குரல் மட்டும் "மல்லி, மல்லி, மல்லி" என்றது.
ஐந்தில் அசைந்தான், முழுதாய்க் கேட்டான்:
"மல்லித்தழை ரெண்டு கட்டு, மறந்துடாதீங்க."

பதினோராவது நிமிடம் ஐந்தின் விசிறி இரைந்தது.
மூன்று புள்ளி நான்கு என்றிருந்த வேகம்
இரண்டு புள்ளி மூன்றுக்கு இறங்கியது.
"ஹா" என்றேன், குற்றம் கண்டுபிடித்தவனாய்.
அவன் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"சூடானா மெதுவா ஓடும். நிக்காது.
ஜூலையிலே பதினொன்னுலேர்ந்து நாலு வரைக்கும்
வெயில்ல வேலை கூடாதுன்னு
நமக்கே சட்டம் இருக்கு. இதுக்கு இருக்கக்கூடாதா?"

ஐம்பத்திரண்டரைக்கு இறங்கினார் நிஜார்.
இரண்டரை கலிபுல்லா கொடுத்தான், கடன்தான்,
பையில் போடும்போதே இரண்டு தடவை சொல்லிவிட்டான்.
பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும்.
திரையில் சாகாத ஒரு பச்சைப் புள்ளி,
அதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

கிளம்பும்போது நிஜார் ஒரு டப்பாவைத் திறந்தார்.
உள்ளே ஸ்டிக்கர்கள், எல்லாம் ஏழு.
"கால் தினார். ஒட்டித் தரட்டுமா?
நிறைய பேர் கேட்பார்கள்."
வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கலிபுல்லா ஒன்றை வாங்கிவிட்டான்.

இப்போது எங்கள் ரைஸ் குக்கர் ஐ-செவன்.
சோறு வேக அதே இருபது நிமிடம்.
மல்லித்தழையை மறந்துதான் போயிருந்தோம்.

இரவு இரண்டு மணி. பன்னிரண்டாம் மாடி.
விசிறி இரைகிறது, இன்னாசி புரண்டு படுக்கிறான்.
குழாய் முனையில் வேண்டாத ஒரு வால்வு.
அழிக்கிறேன், போகவில்லை.
மறுபடி அழிக்கிறேன்.
பிறகுதான் நினைவுக்கு வருகிறது,
பச்சைப் புள்ளி.